ஃபேனை மாற்றினால் போதுமா? கொஞ்சம் அண்ணாந்து பாருங்க!

மோகனூர்:-
காற்றடித்தாலும் கருவறை விளக்கு அசையாது என்பதால் அசலதீபேஸ்வரர் என்று பெயர் பெற்ற சாமி குடியிருக்கும் ஊர் மோகனூர். அந்தக் காவிரிக்கரை ஊரில், வாய்க்கால் பக்கத்துத் தெரு வீடு ஒன்றில், நாலே வருஷத்தில் மூணு மின்விசிறிகள் "மண்டையைப் போட்டு" விட்டன.

ஒரே வீடு. ஒரே அறை. ஒரே கொக்கி!

நாலாவது மின்விசிறியை மாட்ட வந்த எலக்ட்ரீசியன் ஏணியில் ஏறினார். இரண்டே நிமிஷம். மாட்டாமலே இறங்கி விட்டார்.

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பஸ் நிலையம் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர்.

"ஃபேனை அப்புறம் மாட்டிக்கலாமுங்ணா. முதல்ல பாப்பாவைத் தொட்டில்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க!"

வீட்டில் இருந்தவர்களுக்குப் பகீர் என்றது.

அந்த அறையின் கூரையில் இரண்டு கொக்கிகள். ஒன்று மின்விசிறிக்கு. மூணடி தள்ளி இன்னொன்று. அதில்தான், பிரசவத்துக்கு வந்த மகளின் கைக்குழந்தைக்குச் சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள்.

குழந்தையை எடுத்தார்கள். எலக்ட்ரீசியன் மறுபடி ஏறி, கொக்கியைச் சுற்றி ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். ஒரு தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே கம்பி, கரும்புச் சக்கை மாதிரி ஏடு ஏடாகத் துருவேறிக் கிடந்தது!

பழி காவிரி மேல!

முதல் மின்விசிறி "காயில்" எரிந்து போனது. இரண்டாவது, பேரிங் துருப்பிடித்து ராத்திரி முழுக்கக் கரகரவென்று கத்தியது. மூணாவதுக்கு இரண்டு தடவை கண்டன்சர் மாற்றியும் வேகம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, வேறு கம்பெனி மின்விசிறியை வாங்கி வந்தார் மளிகைக் கடைக்காரர்.

வீட்டு அம்மாவோ காவிரியைத் திட்டினார். "ஆத்தோரம் குடியிருந்தா ஓதம் இருக்கத்தானுங்களே செய்யும்?"

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பக்கம் காவிரி. இன்னொரு பக்கம், ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜ வாய்க்கால் பாசனத்தைச் சேர்ந்த மோகனூர் வாய்க்கால். சுற்றிலும் கரும்பும் வாழையும். நிலம் எப்போதும் நனைந்தே கிடக்கும். 2018, 2022, 2024 ஆகிய வருஷங்களில் மேட்டூர் அணையில் இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தபோது, இதே நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எலக்ட்ரீசியன் கேட்டாரே ஒரு கேள்வி!

"ஆத்துத் தண்ணி கீழ இருந்துதானுங்கம்மா ஏறும்? சுவத்தோட அடி காஞ்சு கெடக்குது. கூரை நடுவுல மட்டும் எப்படிங்க ஈரம்?"

பதில் இல்லை. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

அங்கே குட்டு வெளிப்பட்டது! தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய், தட்டோடு பதித்த தரையில் நேராகச் சொட்டிக் கொண்டிருந்தது. மோட்டார் போட்டுவிட்டு மறந்து போகிற ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு குட்டை! தட்டோட்டின் இணைப்புகள் வாய் பிளந்து கிடந்தன. அதற்கு நேர் கீழேதான் மின்விசிறிக் கொக்கி.

மூணு மின்விசிறிகளைக் கொன்றது கம்பெனியும் அல்ல, காவிரியும் அல்ல. சொந்த வீட்டுத் தொட்டி!

ஈரம் எங்கிருந்து வருது?

இந்த வீட்டுக் கதை பல வீடுகளிலும் நடக்கிற கதைதான். மின்விசிறி போனதும் நேராகக் கடைக்கு ஓடுகிறோம். அது ஏன் போனது என்று பார்ப்பதில்லை. ஓதம் அடிக்கும் அறையாக இருந்தால், பர்சை எடுக்கும் முன் ஈரத்தின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஈரம் மூணு வழியில் வரும்.

ஒன்று, தரையில் இருந்து ஏறும் ஈரம். சுவரின் அடியில் இரண்டு, மூணு அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். பெயிண்ட் பொரிந்து உதிரும். ஆற்றோர, வாய்க்காலோர வீடுகளில் இது சகஜம். இதனால் கூரைக் கொக்கிக்கு நேரடியாக ஆபத்து இல்லை. ஆனால் அறைக் காற்றில் ஈரம் கூடும்.

இரண்டு, மேலிருந்து இறங்கும் ஈரம். கூரையில் மஞ்சள் வட்டமாகக் கறை தெரியும். தொட்டால் மாவு மாதிரி உதிரும். மொட்டை மாடி வெடிப்பு, தொட்டிக் கசிவு, மாடியில் குளியல் அறை... இவைதான் காரணம். மின்விசிறிக்கு முதல் எதிரி இதுதான்!

மூணு, காற்றிலேயே இருக்கும் ஈரம். சமையல் ஆவி, வெந்நீர் ஆவி, வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணி. மூலைகளில் கறுப்புப் பூஞ்சை பூத்திருந்தால் இதையும் சந்தேகப்படலாம்.

சுவர் ஈரமா, காற்று ஈரமா என்று குழப்பமா? காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி நீர்த்துளி இருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் துளி இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம்.

காற்றில் ஈரம் என்றால் ஜன்னலைத் திறப்பதும், சமையல் அறையிலும் குளியல் அறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதும்தான் மருந்து. கூரை மின்விசிறி காற்றைச் சுழற்றும். அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் அறைக்குள் இருக்கும் ஈரம் அறைக்குள்ளேயே ஊர்வலம் வரும்!

உள்ளே என்ன நடக்குது?

மின்விசிறிக்குள் ஈரம் செய்யும் சேட்டை கொஞ்சநஞ்சமல்ல.

கூரையில் கசியும் தண்ணீர், தொங்கும் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் வழிந்து மோட்டாருக்குள் போகும். காயில் கம்பியின் மேல் இருக்கும் வார்னிஷ் பூச்சு கெடும். மின்சாரம் கசியும். ஒருநாள் காயில் கருகும். அல்லது மின்விசிறியின் உடம்பிலேயே "ஷாக்" அடிக்கும்.

பேரிங்கில் இருக்கும் கிரீஸ் கெட்டு, குண்டுகள் துருப்பிடிக்கும். "கரகர" சத்தம் அதுதான்.

கண்டன்சருக்குள் ஈரம் புகுந்தால் அதன் சக்தி குறையும். ரெகுலேட்டரை அஞ்சில் வைத்தாலும் மின்விசிறி ஒன்றில் சுற்றும்.

மரத்தூள் பலகையில் செய்த அலங்கார இறக்கைகள் ஈரத்தில் ஊதித் தொங்கும். இறக்கை ஒரு சமமாக இல்லாவிட்டால் மின்விசிறி ஆடும். ஆட ஆடக் கொக்கி தேயும்.

இரும்பு துருவானால் பல மடங்கு பெருக்கும். கூரைக்குள் புதைந்த கம்பி அப்படிப் பெருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டையே தள்ளி உடைக்கும். நாலைந்து கிலோ மின்விசிறி மணிக்கணக்கில் அதில் சுற்றுகிறது. அதே கொக்கியில் குழந்தைத் தொட்டிலும் கட்டுகிறோம்!

ரிப்பேரா? புதுசா?

எல்லா நோய்க்கும் ஆபரேஷன் தேவையில்லை. மின்விசிறியும் அப்படித்தான்.

வேகம் மட்டும் குறைந்திருந்தால் முதலில் வீட்டில் வோல்டேஜ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கண்டன்சர். 48 அங்குல மின்விசிறிக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். சிலதுக்கு 3.15. பழசில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும். "பெரிசாப் போட்டா வேகமாச் சுத்தும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காயில் சூடேறிக் கருகும்.

சத்தம் மட்டும் என்றால் பேரிங் மாற்றினால் போதும்.

காயில் போயிருந்தால் கணக்குப் பாருங்கள். திரும்பச் சுற்றும் கூலி புது மின்விசிறி விலையில் பாதியைத் தாண்டினால் புதுசே மேல். பழசைக் கழிவுக்குப் போட்டால் உள்ளே இருக்கும் தாமிரத்துக்கும் காசு உண்டு. சும்மா தூக்கிக் கொடுத்து விடாதீர்கள்!

தொட்டால் சுள்ளென்று அடித்தால்? ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. ஈரம் காய்ந்து அடிப்பது நின்று விட்டாலும், எலக்ட்ரீசியன் மெகர் கருவி வைத்து "சரி" என்று சொல்லும் வரை அந்த மின்விசிறி பக்கமே போகக் கூடாது. வெள்ளத்தில் நனைந்த மின்சாமான் எதுவானாலும் இதே சட்டம்தான்.

கடையில் என்ன கேட்கணும்?

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் மோகனூரில் பிறந்தபோது, காற்று வேண்டுமென்றால் பனையோலை விசிறிதான். அதே 1880-களில்தான் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், தையல் மெஷின் மோட்டாரில் இறக்கை பூட்டிக் கூரையில் தொங்கவிட்டு மின்விசிறிக்குப் பிள்ளையார் சுழி போட்டார். இன்றைக்கு அதே அமெரிக்காவில் உலர்ந்த இடம், ஈர இடம், நனையும் இடம் என்று மின்விசிறிகளை மூணு ரகமாகப் பிரித்து முத்திரை குத்துகிறார்கள்.

நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அப்படிப் பிரித்து வைப்பதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். என்ன கேட்பது?

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. பக்கத்தில் ஐ.எஸ். 374 என்ற எண் இருக்க வேண்டும். கூரை மின்விசிறிக்கான எண் அது.

இறக்கை அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியம் இரும்பு போலத் துருப்பிடிக்காது. நல்ல பிளாஸ்டிக் இறக்கையும் ஈரம் தாங்கும். அழகைப் பார்த்து மரத்தூள் பலகை இறக்கையை ஓத அறைக்கு வாங்காதீர்கள்.

காயில் முழுத் தாமிரமா? பேரிங் இரண்டும் குண்டு பேரிங்கா? தொங்கும் குழாய்க்குத் துருப்பிடிக்காத பூச்சு உண்டா? வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்து போய்விட மாட்டீர்கள்.

அறை பத்துக்குப் பத்து என்றால் 48 அங்குலம், அதாவது 1200 மில்லி மீட்டர். எட்டுக்கு எட்டு என்றால் 900 மில்லி மீட்டர் போதும்.

திண்ணை, போர்டிகோ மாதிரி சாரல் படும் இடத்துக்குச் சாதா மின்விசிறி கூடாது. வெளியிடத்துக்கு என்றே சொல்லி விற்கிற ரகம் வேண்டும். பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருந்தால், இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. அது 4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தம். குளியல் அறைக்குக் கூரை மின்விசிறியே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.

கரண்ட் கணக்கு என்ன? 2023 ஜனவரி 1 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது. பழைய சாதா மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது ரகம் 30 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாசத்தில் பழசு 54 யூனிட். புதுசு 22 யூனிட்டுக்கும் குறைவு. ஒரு மின்விசிறியில் மட்டும் 32 யூனிட் மிச்சம்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. புது ரகத்துக்குள் எலக்ட்ரானிக் அட்டை இருக்கிறது. தண்ணீர் சொட்டும் கூரையில் மாட்டினால் அதுதான் முதலில் போகும். அட்டைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு உண்டா, தண்ணீர் பட்டுக் கெட்டால் வாரண்டி உண்டா என்று கார்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய சுவர் ரெகுலேட்டரோடு இந்த ரகத்தைச் சேர்த்து ஓட்டவும் கூடாது.

கொக்கி தாங்குமா?

மாட்டும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில பழைய வீடுகளில் வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேலே கரண்ட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும்.

கொக்கியைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். "ணங்" என்றால் நல்லது. "பொத்" என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே காரை விட்டுப் போயிருக்கிறது. "நான் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டித் தொங்க விட்டுப் பாப்பேனுங்க. ஆனா கீழ யாரும் நிக்கக் கூடாது" என்கிறார் நம்ம எலக்ட்ரீசியன்.

கொக்கி கெட்டிருந்தால் கொத்தனார் வந்து கூரையைச் சரி செய்த பிறகே, நல்ல கான்கிரீட் உள்ள இடத்தில் புதுக் கிளாம்ப் போட வேண்டும். ஓட்டு வீடு என்றால் விட்டத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள்.

போல்ட்டுக்குப் பின் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இறக்கை தரையில் இருந்து எட்டடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வேறு மின்விசிறியின் இறக்கையைக் கலந்து மாட்டாதீர்கள். எர்த் வயரை "எதுக்குங்க" என்று வெட்டி விடாதீர்கள். மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால், கரண்ட் கசிந்த உடனே தானாக அணைந்து உயிரைக் காப்பாற்றும்.

அதுவரை காற்றுக்கு என்ன செய்வது? 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த மேஜை மின்விசிறி பல வீடுகளில் பரணில் தூங்குகிறது. இறக்கித் துடைத்து, வயரைச் சோதித்து ஓட்டுங்கள். அதற்குக் கொக்கி வேண்டாம்!

நாலாவது ஃபேன்

வாய்க்கால் பக்கத்து வீட்டில் பிறகு என்ன நடந்தது?

தொட்டிக் குழாயை நீட்டித் தண்ணீர் கீழே போகும் குழாயோடு சேர்த்தார்கள். தட்டோட்டு இணைப்புகளைக் கொத்தனார் அடைத்தார். கூரையில் செத்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டிப் பூசினார்கள். காய்ந்து முடிய ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் நாலாவது மின்விசிறி பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் காத்திருந்தது.

கொத்தனாருக்கு ஆன செலவு, அதற்கு முன் வாங்கிய மூணு மின்விசிறி விலையைவிடக் குறைச்சல்! "முதல் ஃபேன் போனப்பவே மாடி ஏறிப் பாத்திருந்தா..." என்று இழுக்கிறார் மளிகைக் கடைக்காரர்.

குழந்தையின் தொட்டில் இப்போது கூரையில் இல்லை. இரும்புச் சட்டத்தில் நிற்கிற தொட்டில் வாங்கி விட்டார்கள்.

"பாட்டி, ஆத்தா காலத்துல இருந்து கூரையிலதாம்ப்பா கட்டறோம்" என்று வீட்டு அம்மா முதலில் முணுமுணுத்தாராம். அன்றைக்கு விழுந்த காரைத் துண்டு ஒன்றை எலக்ட்ரீசியன் எடுத்து அவர் கையில் கொடுத்தார். முழுசாக ஒரு கிலோ இருக்கும்.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் கூரையில் மஞ்சள் வட்டம் தெரிகிறதா? இன்றைக்கு வேலை முடிந்து வீடு போனதும், மின்விசிறியைப் போடும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்!